காயலான் கடை ஈயத்தில் தூண்டில் குண்டு வார்ப்பது எப்படி

மழை பெய்து மாடக்குளம், வண்டியூர் கண்மாய்களில் தண்ணீர் ஏறிவிட்டால் போதும், கெளுத்தியும் ஜிலேபிக் கெண்டையும் பிடிக்கத் தூண்டிலோடு கிளம்பிவிடுகிற ஆட்கள் நம் மதுரையில் நிறைய. சேற்றிலும் கருவேல வேரிலும் சிக்கி நாளுக்கு இரண்டு மூன்று குண்டு அறுந்து போவதும் வழக்கம்தான். அதையெல்லாம் காசு கொடுத்து வாங்காமல் பழைய ஈயத்தில் நாமே வார்த்துக்கொள்ளலாம். இதில் முக்கால்வாசி வேலை அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே முடிந்துவிடும், அதனால் பிரிக்கிற வேலையைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறார்களே, ரசம் வைக்க ஈயச்சொம்பு இருக்கிறதே, அதெல்லாம் வெள்ளீயம். நமக்கு வேண்டியது காரீயம். இரண்டுக்கும் ஈயம் என்றே பேர் சொல்வதால் புதியவர்கள் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். காரீயம் உடம்புக்குள் போகக்கூடாத விஷம், குறிப்பாகக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். இந்த வேலைக்கு எடுத்த சட்டி, கரண்டி எதுவும் திரும்பச் சமையலறைக்குப் போகவே கூடாது.

சரி, எங்கே கிடைக்கும்? பைபாஸ் ரோடு மாதிரி இடங்களில் வீல் பேலன்சிங் செய்கிற டயர் கடைகளில் கழற்றிப் போட்ட வெயிட்டுகள் டப்பாவில் கிடக்கும், கேட்டுப் பாருங்கள். காயலான் கடையில் பழைய வலைக்குண்டு, ஈயத் தகடு, மூடிப்போன அச்சகங்களின் அச்செழுத்து எல்லாம் வரும். அச்செழுத்தில் ஆன்டிமனி கலந்திருப்பதால் கெட்டியாக இருக்கும், தூண்டில் குண்டுக்குத் தாராளமாகப் போதும், ஆனால் நசுக்கி மூடுகிற சின்னக் குண்டுக்கு ஆகாது, அதற்கு மெத்தென்ற தகடு ஈயம்தான் சரி. ஈய உறை போட்ட பழைய கேபிளை யாராவது தெருவில் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள், திருட்டுப் பொருளாக இருந்தால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். பேட்டரியை உடைக்கிற எண்ணமே வேண்டாம். உள்ளே ஆசிட், ஈயத்தூள், போதாததற்கு ஆர்சனிக்கும் கலந்திருக்கலாம். பழைய பேட்டரியை விற்ற கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்போது பிரிப்பது. டயர் வெயிட்டுகளில் இன்று இரும்பும் துத்தநாகமும் நிறைய வருகின்றன. ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள் (கையுறை போட்டுக்கொண்டுதான்). காந்தம் வைத்தால் முழுதாக ஒட்டுகிறதா, இரும்பு, தள்ளிவிடுங்கள். கிளிப் மட்டும் ஒட்டினால் உடம்பை வெட்டுக்குறடால் ஓரத்தில் கடித்துப் பாருங்கள். ஈயம் என்றால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி குறடு இறங்கும், வெட்டின இடம் பளபளவென்று இருக்கும், காகிதத்தில் தேய்த்தால் பென்சில் கோடு மாதிரி விழும். துத்தநாகத்தில் குறடு வழுக்கும். சிமெண்டுத் தரையில் போட்டாலும் தெரியும்: ஈயம் தொப்பென்று விழும், துத்தநாகம் கிணுங்கும். சந்தேகமாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். கொஞ்சம் துத்தநாகம் கரைந்தாலும் ஒரு சட்டி ஈயமும் கூழ் மாதிரி ஆகி அச்சில் ஓடாது.

பிரித்ததை ஒரு நாள் முழுக்க நல்ல வெயிலில் காயவையுங்கள். ஈரம்தான் இந்த வேலையின் எமன். முதல் தடவை நான் வெயிலில் கிடந்த செங்கல்தானே என்று அதில் பள்ளம் தோண்டி ஊற்றினேன், உள்ளே இருந்த ஈரம் ஆவியாகிக் கொதிக்கிற ஈயத்தைத் தூக்கி அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது, முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. முழுக்கைச் சட்டை, மூடிய ஷூ, கண்ணாடி, தோல் கையுறை இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

அடுப்பு வெட்டவெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசுகிற மாதிரி. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் கிட்டவே வரக்கூடாது. கனமான இரும்புச் சட்டி வேண்டும், அலுமினியம் கூடாது. ஈயத்தைக் குளிர்ந்த சட்டியில் போட்ட பிறகே கருவேலங்கரியைப் பற்றவையுங்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419-இல்தான். அதனால் தணலை அடக்கியே வைத்தால் தப்பி வந்த துத்தநாகமும் இரும்புக் கிளிப்புகளும் உருகாமல் மேலே மிதக்கும், கண்கரண்டியால் அள்ளிவிடலாம். மேற்பரப்பில் மஞ்சளும் ஊதாவுமாக ஆடை படிந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம், தணலை உடனே குறையுங்கள். அப்புறம் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைப் போட்டுக் கிளறுங்கள், புகைந்து குப்பென்று பற்றும், பயப்பட வேண்டாம், முகத்தை மட்டும் தள்ளி வையுங்கள். சாம்பல் நிறக் கசடு மேலே ஒதுங்கியதும் எடுத்துவிட்டால் கீழே கண்ணாடி மாதிரி ஈயம் தெரியும்.

அச்சுக்குப் பழைய எவர்சில்வர் டீஸ்பூனே போதும். கடலை வறுப்பது போல மணலை நன்றாக வறுத்துத் தகரத் தட்டில் கொட்டி, ஸ்பூனை அதில் ஆடாமல் பதித்து, உட்புறத்தில் மெழுகுவர்த்திக் கரி படியச் செய்து, வளைத்த பித்தளைக் கம்பியை ஓரத்தில் வைத்துச் சூடேறிய இரும்புக் கரண்டியால் நிதானமாக ஊற்றுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், ஆகவே ஸ்பூனின் ஆழத்தைப் பொறுத்து 40 முதல் 55 கிராம் வரை குண்டு கிடைக்கும். பளபளப்பு மங்கின பிறகும் சில நிமிடம் விட்டுத் தட்டினால் கழன்று விழும். தண்ணீரில் போட்டு ஆற்றாதீர்கள்.

முடிந்ததும் சட்டை பேண்ட்டைத் தனியாகத் துவையுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். கரையில் உட்கார்ந்து குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் நசுக்குகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது, அதை இன்றோடு விட்டுவிடுங்கள், சின்னக் குறடு ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கசடையும் சாம்பலையும் கண்மாயிலோ செடிக்கோ கொட்டாமல் மூடி போட்ட டப்பாவில் சேர்த்து, ஈயம் வாங்குகிற காயலான் கடையில் இன்னதென்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.