மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் வாங்கும் முன்...

கடலூர், புதுச்சேரிப் பக்கம் மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவுதான். ஆனாலும் வயதானவர்களுக்கு விடியற்காலையில் கை கால் சில்லிட்டுப் போகிறது. மழை ஓய்ந்த பிறகும் சுவரிலும் தரையிலும் தங்கிவிடும் ஈரமும் இதற்கு ஒரு காரணம்.

பென்ஷனில் குடும்பம் நடத்துகிறவர்கள் ரூம் ஹீட்டர் வாங்கும் முன் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1,000 வாட் ஹீட்டர் இரவில் 8 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். கடலூர்க்காரர்களுக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட், இரண்டு வாரம்கூடத் தாங்காது.

செலவில்லாத வழி வெயில்தான். பனி விலகியதும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மெத்தை, தலையணை, போர்வையை மாடியில் காயப் போடுங்கள். நாலரை மணிக்குள் எடுத்துவந்து, வெயில் சாய்வதற்குள் ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கைப் பலரும் கவனிப்பதில்லை. ராத்திரி காற்று அதன் வழியாகத்தான் நேராகக் காலில் வந்து அடிக்கும். பழைய வேட்டியை இறுக்கச் சுருட்டி அங்கே வையுங்கள், போதும். தரையில் படுப்பவர்கள் கோரைப்பாய்க்கு அடியில் சுத்தமான சாக்கு ஒன்றை விரித்துக்கொண்டால் டைல்ஸின் சில்லிப்பு உடம்பில் ஏறாது. அப்புறம், காலுக்கு சாக்ஸ், காதுக்கு மஃப்ளர்.

வெந்நீர்ப் பை நல்லதுதான். ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். அவர்கள் படுக்கையை மட்டும் சூடாக்கிவிட்டு, பையை எடுத்துவிட வேண்டும்.

மூடிய அறைக்குள் கரி அடுப்போ கணப்போ வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கொசுவர்த்தி கொளுத்துகிறீர்கள் என்றாலும் ஒரு ஜன்னல் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்.