இ-சிம் எடுக்குமா உங்கள் போன்? பார்க்கும்போது செய்யும் தவறுகள்

போன மாதம் என் சித்தப்பா பழைய ஐபோன் 13 ஒன்று வாங்கி வந்தார். ‘இ-சிம் எடுக்கும் சார்’ என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அதாவது அட்டை சிம் போடாமல், போனுக்குள்ளேயே இருக்கும் சிப்பில் இணைப்பை ஏற்றிக்கொள்ளலாம். நெட்டில் தேடினாலும் அப்படித்தான் வருகிறது. ஆனால் செட்டிங்ஸில் ‘ஆட் இ-சிம்’ என்ற வரியையே காணோம். சிம் டிரேயை ஊசியால் குத்தி வெளியே எடுத்தேன். முன்பக்கம் ஒரு சிம்முக்கு இடம். திருப்பினால் பின்பக்கம் இன்னொன்றுக்கும் இடம். அப்போதே புரிந்துவிட்டது. சீனா, ஹாங்காங் சந்தைக்காகச் செய்த போன் அது. அங்கே விற்ற ஐபோன் 13-இல் இ-சிம் கிடையாது, இரண்டு நானோ சிம், அதாவது சின்ன அட்டை சிம்தான். எந்த அப்டேட் வந்தாலும் அது மாறாது.

மாடல் பெயரை மட்டும் நம்புவதுதான் முதல் தவறு. ஆண்ட்ராய்டிலும் ஒரே பெயரில் வரும் போன் ஒரு நாட்டில் இ-சிம்மோடும் இன்னொரு நாட்டில் இல்லாமலும் வரும். அதனால் கையில் இருக்கும் அந்தப் போனையே கேளுங்கள். *#06# என்று டயல் செய்தால் போதும், கால் பட்டனைக்கூட அழுத்த வேண்டாம். போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணோடு, 32 இலக்கத்தில் இஐடி என்று ஒன்று வருகிறதா பாருங்கள். உள்ளே இருக்கும் இ-சிம் சிப்பின் அடையாள எண் அது. இரண்டு ஐஎம்இஐ இருப்பதைப் பார்த்து ‘இ-சிம் இருக்கிறது’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். சாதாரண இரட்டை சிம் போனிலும் இரண்டு வரும்.

இஐடி வந்துவிட்டது, சரி. அப்புறம் செட்டிங்ஸையும் திறந்து பாருங்கள். சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ், அதற்குள் சிம் மேனேஜர். இ-சிம் சேர்க்கும் வரி அங்கே இருக்க வேண்டும். இதையெல்லாம் காசு கொடுப்பதற்கு முன், கடையில் நின்றபடியே செய்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் போனில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே ஒரு மொபைல் சேவை நிறுவனத்திடம் தவணையில் வாங்கிய போன் அந்த நிறுவனத்துக்கே லாக் ஆகியிருக்கலாம். அப்படியானால் இ-சிம் இருந்தும் நம் ஊர் இணைப்பை ஏற்காது. ஐபோனில் செட்டிங்ஸுக்குள் ஜெனரல், அபவுட் போய் ‘கேரியர் லாக்’ என்ற இடத்தில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால் கவலை இல்லை. அமெரிக்காவில் 2022-இல் வந்த ஐபோன் 14-இலிருந்து சிம் டிரேயே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். அட்டை சிம்மை வைத்துக்கொண்டு அதில் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். ‘உங்கள் போன் இ-சிம்முக்குத் தகுதியா என்று பார்க்கிறோம், இந்த மெசேஜை அனுப்புங்கள்’ என்று யாராவது அழைத்தால் உடனே வைத்துவிடுங்கள். அந்த மெசேஜ் போனால் உங்கள் எண் அவர்கள் போனில் இ-சிம்மாக ஏறிவிடக்கூடும். அப்படி ஏறினால் உங்கள் போனில் சிக்னல் போய்விடும், வங்கி ஓடிபி எல்லாம் அங்கே போகும். திடீரென்று சிக்னல் காணாமல் போனால் காத்திருக்காமல், வேறொரு போனிலிருந்து முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள், பிறகு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ.