திராட்சையில் அடிச்சாம்பல்: மருந்தைக் குறை சொல்வதற்கு முன்

குமுளி மலையிலிருந்து சாரல் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு நாள் வெயில் அடிக்கவில்லை என்றால் போதும், பன்னீர் திராட்சை இலையில் எண்ணெய் தெறித்த மாதிரி மஞ்சள் திட்டு வந்துவிடும். உடனே மருந்துக் கடையில் போய், “அண்ணே, சாம்பலுக்கு மருந்து குடுங்க” என்று கேட்கிறோம். தவறு அங்கேயே தொடங்குகிறது. சாம்பல் நோய் வேறு, அடிச்சாம்பல் வேறு. முன்னது இலைமேல் மாவு பூசினாற்போல வரும், கந்தகத்துக்கு அடங்கும். பின்னதற்குக் கந்தகம் வேலைக்கு ஆகாது. காலையிலேயே இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் திட்டுக்கு நேர் கீழே வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அடிச்சாம்பல்தான். சந்தேகமா? அந்த இலையை ஈரத்துணியோடு பாலிதீன் பையில் போட்டு, ராத்திரி முழுக்க இருட்டில் வையுங்கள். விடிந்தால் பஞ்சு தெரிந்துவிடும்.

இதைப் பூஞ்சை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இந்த நோயைக் கொண்டுவரும் பிளாஸ்மோபாரா என்ற கிருமி பாசி இனத்துக்குத்தான் நெருக்கம். இதன் வித்துகள் இலையில் நிற்கும் ஈரத்தில் நீந்திப் போய், இலைத்துளை வழியாக உள்ளே நுழைகின்றன. திராட்சை இலையில் துளைகள் பெரும்பாலும் அடிப்புறத்தில். பந்தலுக்குக் கீழே நின்று அடிப்பதால் அடிப்புறம் நன்றாக நனைகிறது என்று நினைக்கிறோம். ஆனால் கொடி அடர்ந்து இரண்டு மூன்று அடுக்காகிவிட்டால், கீழ் அடுக்கே மருந்தை வாங்கிக்கொள்ளும், மேலே ஒன்றும் போகாது. தேவையில்லாத தளிரைக் கிள்ளாமல் யூரியாவையும் அள்ளிப் போட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

அடுத்தது, “டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியாச்சு, இனி நோய் வராது” என்ற பேச்சு. டாக்ரிட்ஜ் என்பது வேருக்காக மட்டும் வைக்கும் அமெரிக்கத் திராட்சை. கொடி இந்த நோயை எதிர்ப்பது இலையில். அமெரிக்கக் காட்டுத் திராட்சை சிலவற்றில் நோய் நுழைந்ததும், அந்த இடத்துச் செல்கள் தாமாகவே செத்துப்போகின்றன. இந்த நோய்க்கு உயிருள்ள செல்தான் சாப்பாடு, அது கிடைக்காமல் முடங்கிவிடும். கூடவே அந்த இடத்தில் கிருமியைத் தடுக்கும் ரெஸ்வெரட்ரால் போன்ற பொருள்களும் சுரக்கும். நம் பன்னீர், அதாவது மஸ்கட் ஹாம்பர்க், ஐரோப்பிய இனம். அமெரிக்காவிலிருந்து இந்த நோய் 1878-ல் பிரான்சுக்குப் போகும்வரை அந்த இனம் இதைப் பார்த்ததே இல்லை. அதனால் அதன் எதிர்ப்பு தாமதம், பலமும் குறைவு. வேர் அமெரிக்கனாக இருந்தாலும் மேலே இருக்கும் இலை பன்னீர் இலைதானே? வேரைத் தாக்கும் நூற்புழுவையும் உப்புத் தண்ணீரையும் வேர்ச்செடி தாங்கும், அந்த லாபம் வேறு கணக்கு. எதிர்ப்புள்ள ரகம் நட்டாலும் மருந்தே வேண்டாம் என்றில்லை. ஒரே ஒரு மரபணுவை நம்பிய ரகங்களை ஐரோப்பாவில் இந்த நோய் தாண்டி வந்திருக்கிறது.

மருந்திலும் அதே கதைதான். மெட்டலாக்ஸில் என்ற மருந்துக்கு நோய் நன்றாகக் கேட்கிறது என்று தொடர்ந்து அதையே அடித்தால், அதற்குத் தப்பிய கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகும். வேறு வகை மருந்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும்.

போர்டோ கலவை தடுப்பு மருந்து. நோய் உள்ளே போனபின் அடித்துப் பயனில்லை, மழைக்கு முன்பே இலையில் இருக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்பு வாளி ஆகாது. கத்தியை முக்கி எடுத்துப் பாருங்கள்; செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்க்க வேண்டும். கலந்த அன்றே அடித்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

எப்போது கவனமாக இருப்பது? பூங்கொத்து வந்ததிலிருந்து பிஞ்சு பிடித்து மூன்று நான்கு வாரம்வரை. அதற்குப் பிறகு காயின் துளைகள் அடைபட்டு, நோய் நேராக உள்ளே போவது குறைந்துவிடும். அதை நம்பி இலையை விட்டுவிட்டால், அடுத்த கவாத்துக்கு நோயும் தயாராக இருக்கும்.