ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நிதி கேட்டு எம்.எல்.ஏ.விடம் போகும்போது

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்ய ஆள் இல்லை, இரவுப் பிரசவம் பார்க்க நர்ஸ் இல்லை என்றால் சட்டமன்ற உறுப்பினரிடம் போவது சரிதான். ஆனால் அந்த மனுக்களில் பெரும்பாலானவை தவறான மாதத்தில் போகின்றன, தவறான பணத்தைக் கேட்கின்றன. அதனால்தான் ரசீதோடு நின்றுவிடுகின்றன.

முதலில் எந்தப் பணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் கட்டடம் கட்டலாம், கருவி வாங்கலாம். சம்பளம் கொடுக்க முடியாது. கேட்டவுடன் கிடைப்பது கட்டடம் என்பதால் ஊரே கட்டடத்தைக் கேட்கிறது. பிறகு புது ஆய்வக அறைக்குப் பூட்டுத்தான் காவல். ஆளுக்கும் மருந்துக்கும் வேண்டிய பணம் தமிழ்நாடு பட்ஜெட்டில் மானியக் கோரிக்கை (ஒரு துறைக்கு வேண்டிய பணத்தைப் பேரவையிடம் கேட்கும் பகுதி) எண் 19இல், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறையின் கீழ் இருக்கிறது. அதற்குள் 2210 என்ற தலைப்பு மருத்துவம், பொது சுகாதாரத்தின் நடப்புச் செலவு. 4210 கட்டடம் போன்ற மூலதனச் செலவு. மனுவில் "19, 2210" என்று எழுதியிருந்தால் துறையில் படிப்பவருக்கு விஷயம் உடனே பிடிபடும்.

அடுத்ததைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். பணியிடம் ஒப்பளிக்கப்பட்டும் (அதாவது அரசு அனுமதித்தும்) காலியாக இருக்கிறதா, அல்லது பணியிடமே ஒப்பளிக்கப்படவில்லையா? முன்னது ஆள் எடுப்பதில், இடமாற்றத்தில் உள்ள தாமதம். அதற்குப் புதிய பணியிடம் கேட்டால் "ஏற்கெனவே இருக்கிறது" என்று ஒரே வரியில் கோப்பு முடிந்துவிடும். பின்னதற்குப் புதிய பணியிடம் உருவாக்க வேண்டும், நிதித்துறை ஒப்புதல் வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள்.

இதைத் தெரிந்துகொள்ள மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தகவல் உரிமை மனு போதும். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் நர்ஸ் இல்லை?" என்று கேட்டால், காரணம் சொல்வது எங்கள் வேலையல்ல என்று தட்டிக்கழிப்பார்கள். "இந்த நிலையத்தில் பதவிவாரியாக ஒப்பளிக்கப்பட்டவை, நிரப்பப்பட்டவை, காலியாக உள்ளவை, காலியான தேதி, கடந்த 12 மாதப் புறநோயாளி, பிரசவ எண்ணிக்கை ஆகியவற்றின் பதிவேட்டு நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். பதில் வர 30 நாள் அவகாசம். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

நாள்காட்டியைப் பார்த்து வேலை செய்யுங்கள். பட்ஜெட் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வருகிறது; துறைகள் தங்கள் மதிப்பீடுகளைத் தயார் செய்வதோ அதற்குப் பல மாதம் முன்பே. ஆகவே ஆகஸ்டில் தகவல் மனு, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம், அந்த மாதத்திலேயே எம்.எல்.ஏ. சந்திப்பு. பட்ஜெட் படித்த பிறகு போவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தேர்தல் ஆண்டில் கணக்கு மாறும்: 2021இல் பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட், ஆகஸ்டில்தான் திருத்திய பட்ஜெட். அந்த மாதிரி ஆண்டில் புதிய அரசின் பட்ஜெட்டைக் குறிவையுங்கள்.

கிராம சபையில் ஒரு எச்சரிக்கை. "மருத்துவ வசதி மேம்படுத்த வேண்டும்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். அது எதற்கும் உதவாது. பதவியின் பெயர், எண்ணிக்கை, நிலையத்தின் பெயர் மூன்றும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தீர்மான எண்ணோடு நகல் வாங்குங்கள்.

மனு ஒரு பக்கம், இணைப்புகள் தனி. எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனுக்கட்டை முதலில் பிரிப்பவர் உதவியாளர். அவர் பார்ப்பது பொருள் வரியைத்தான். மாதிரிக்கு ஒன்று:

"பொருள்: ____ ஆரம்ப சுகாதார நிலையம் – ஆய்வக நுட்புநர் பணியிடம் 1 புதிதாக உருவாக்குதல் – மானியக் கோரிக்கை எண் 19 – தொடர்பாக.
ஐயா, வணக்கம். எங்கள் நிலையம் ____ பேருக்குச் சேவை செய்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது அளவுகோல். இங்கே ஆய்வக நுட்புநர் பணியிடம் ஒப்பளிக்கப்படவில்லை (இணைப்பு 1). இப்பணியிடத்தை வரும் நிதியாண்டில் சேர்க்குமாறு துறை அமைச்சருக்குத் தாங்கள் கடிதம் எழுதி, அதன் நகலை எங்களுக்குத் தர வேண்டுகிறோம்."

கடைசி வரி முக்கியம். "ஆவன செய்கிறேன்" என்ற வாக்கை விட அந்தக் கடித நகல் பெரிது. மலைப்பகுதியில் அளவுகோல் 20,000 பேர் என்பதை மறக்காதீர்கள்.

மாநிலம் முழுவதற்கும் கூடுதல் நிதி கேட்பவர்கள் ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளலாம். மாநிலங்கள் தம் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையும், பின்னர் 15ஆவது நிதிக்குழுவும் சொல்லியிருக்கின்றன. மொத்தச் செலவில் எண் 19இன் பங்கை நீங்களே கணக்கிடுங்கள். ஒரு ஆண்டு கடன் திருப்பிச் செலுத்தியதைச் சேர்த்தும் மறு ஆண்டு சேர்க்காமலும் வகுத்தால் சதவீதம் பொய்யாகும். பட்ஜெட் மதிப்பீட்டை மட்டும் பார்க்காமல், திருத்த மதிப்பீட்டையும் உண்மைச் செலவுக் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். ஒதுக்கியதைச் செலவழிக்காமல் விட்டிருந்தால், கோரிக்கையே வேறு.

பேரவையில் உறுப்பினரால் ஒதுக்கீட்டை உயர்த்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவர முடியாது. குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம்தான் முடியும். எதிர்க்கட்சி உறுப்பினர் என்றால் 100 ரூபாய் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானத்தில் உங்கள் ஊரின் குறையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆளுங்கட்சி உறுப்பினர் அதைச் செய்யமாட்டார். அவரிடம், மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே அமைச்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏனென்றால் விவாத முடிவில் அமைச்சர் வாசிக்கும் புதிய அறிவிப்புகளில் இடம்பிடிப்பதுதான் இலக்கு.

அறிவிப்பு வந்ததும் பட்டாசு வேண்டாம். அரசாணை வெளியாகாமல் ஒரு ரூபாயும் நகராது. மூன்று மாதம் கழித்து அரசாணை எண், தேதி கேட்டு இன்னொரு தகவல் மனு போடுங்கள். ஆணை வந்திருந்தால் அடுத்த மனு, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்குக் காலியிடம் அனுப்பப்பட்டதா என்று கேட்டுத் துறைக்கு.