எக்ஸ்பெல்: இந்த ஆங்கில வினையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கு எழுதும் கடிதம், கட்சிச் செய்தி, வாடகைத் தகராறு என்று பல இடங்களில் 'எக்ஸ்பெல்' என்ற ஆங்கில வினையை எழுதுகிறோம். 'வெளியேற்று', 'நீக்கு' என்ற அகராதிப் பொருளை மட்டும் நம்பினால் பொருள் பிசகிவிடும்.

அதிகம் கெடுப்பது, சஸ்பெண்டையும் எக்ஸ்பெல்லையும் ஒன்றாக நினைப்பது. சஸ்பெண்ட் தற்காலிகம், திரும்பி வர வழி உண்டு. எக்ஸ்பெல் செய்துவிட்டால் உறுப்பினர் என்ற உறவே அறுந்துவிடுகிறது. 1972 அக்டோபரில் தி.மு.க. எம்.ஜி.ஆரை முதலில் சஸ்பெண்ட் செய்தது. சில நாட்களில் கட்சியை விட்டே நீக்கியது. முதல் நடவடிக்கைக்கு எக்ஸ்பெல் என்று எழுதினால் வரலாறே தவறாகிவிடும். ஒரு வாரம் வகுப்புக்கு வரக்கூடாது என்று அனுப்பப்பட்ட ஆறாம் வகுப்பு மாணவனைப் பற்றி இந்தச் சொல்லை எழுதினால், டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 16இல், தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் எக்ஸ்பெல் செய்யக் கூடாது என்கிறது. ஆகவே புகார்க் கடிதத்தில் அந்த ஒரு சொல், பள்ளி சட்டத்தை மீறியது என்ற குற்றச்சாட்டாகவே ஆகிவிடும்.

இன்னொன்று, தமிழ்ப் பேச்சிலிருந்து வரும் தவறு. 'சஸ்பெண்ட் ஆயிட்டான்' என்று பேசிப் பழகிய வாய், 'ஹி எக்ஸ்பெல்டு ஃப்ரம் ஸ்கூல்' என்று சொல்லிவிடுகிறது. நடுவில் 'வாஸ்' இல்லையென்றால், அவனே யாரையோ நீக்கினான் என்று தொனிக்கும். 'ஹி வாஸ் எக்ஸ்பெல்டு' என்பதே சரி.

எதிலிருந்து நீக்கம் என்பதை 'ஃப்ரம்' போட்டுச் சொல்லுங்கள். 'எக்ஸ்பெல்டு அவுட்' வேண்டாம், வெளியே என்ற பொருள் வினைக்குள்ளேயே இருக்கிறது. அரசியல் செய்தியில் இந்த 'ஃப்ரம்' மிக முக்கியம். கட்சியிலிருந்து நீக்கப்பட்ட எம்.எல்.ஏ.வின் பதவி அதனாலேயே போவதில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஜி. விஸ்வநாதன் வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம், நீக்கப்பட்டவரும் தம்மை நிறுத்திய கட்சியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார், வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி இழப்பார் என்றது. அவையிலிருந்தே நீக்கினால் கதை வேறு: கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் அப்படித்தான் பதவி இழந்தார்கள். 'எம்.பி. எக்ஸ்பெல்டு' என்று மட்டும் தலைப்பிட்டால் இரண்டில் எது என்று வாசகருக்குத் தெரியாது.

வாடகைக்காரரை வீட்டைக் காலி செய்ய வைப்பதற்கு 'எவிக்ட்'. ஊழியரை வேலையை விட்டு நீக்குவதற்கு 'டிஸ்மிஸ்' அல்லது 'டெர்மினேட்'. விசா முடிந்தும் தங்கியிருப்பவரைத் திருப்பி அனுப்ப 'டிபோர்ட்'. தூதரக அதிகாரியை வெளியேறச் சொல்லும்போது எக்ஸ்பெல் பொருந்தும். 1972இல் இடி அமீன் உகாண்டாவின் ஆசியர்களை 90 நாள் கெடு வைத்து வெளியேற்றியதற்கும் இதே வினைதான். சந்தேகத்தையோ வதந்தியையோ போக்க 'டிஸ்பெல்' வேண்டும். இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால் தேர்வுத் தாள்களில் இது மாறிப்போகிறது.

ஆளுக்கு மட்டுமல்ல, பொருளுக்கும் இந்த வினை வரும். நுரையீரல் காற்றை எக்ஸ்பெல் செய்கிறது. எண்ணெய் மில்லில் திருகுத்தண்டு நிலக்கடலைப் பருப்பை நெருக்கி எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும் எந்திரத்துக்கு 'எக்ஸ்பெல்லர்' என்ற பெயர் வந்ததும் இதிலிருந்துதான்.

எழுத்துக்கூட்டலில், மூல வினையின் கடைசியில் ஒரே ஓர் எல். இறந்தகால வடிவத்திலும் '-இங்' சேரும் வடிவத்திலும் இரண்டு எல். பெயர்ச்சொல் 'எக்ஸ்பல்ஷன்' என்பதுதான். 'எக்ஸ்பெல்மென்ட்' என்று எழுதாதீர்கள். உச்சரிக்கையில் முதல் அசையை மெலிதாக, 'இக்' என்பதுபோல விட்டு, 'பெல்' என்பதில் அழுத்தம் கொடுங்கள்.