"தயிர் முடிஞ்சுபோச்சு": ரன் அவுட் ஒவ் பழகுவது எப்படி?

மட்டக்களப்பில் பின்னேரம் போய்ச் சட்டித் தயிர் கேட்டால், "முடிஞ்சுபோச்சு மகள், காலைல வாங்க" என்பார்கள். இதை ஆங்கிலத்தில் "கர்ட் இஸ் பினிஷ்ட்" என்றால் விளங்கும். ஆனால் ஆங்கிலம் பேசிப் பழகியவர் அந்த இடத்தில் எடுப்பது ரன் அவுட் ஒவ். கையிருப்புத் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஓட்டமும் இல்லை, கிரிக்கெட் ரன் அவுட்டும் இல்லை.

முதலில் எழுவாயை மாற்றுங்கள். தமிழில் முடிவது தயிர். ஆங்கிலத்திலோ ஆள் முன்னுக்கு வருவார், பொருள் ஒவ்வுக்குப் பின்னால் போகும்: வீ ஹாவ் ரன் அவுட் ஒவ் கர்ட்.

பொருளையே முன்னுக்கு வைக்க விரும்பினால் ஒவ்வைக் கழற்றிவிடுங்கள்: த கர்ட் ஹாஸ் ரன் அவுட். பிழை கூடுதலாக விழுவது இங்கேதான். "வீ ரான் அவுட் கர்ட்" என்பதில் ஒவ் விடுபட்டிருக்கிறது. "த கர்ட் ரான் அவுட் ஒவ்" என்பதில் சும்மா தொங்குகிறது.

அடுத்தது காலம். வினையின் மூன்று வடிவங்கள் ரன், ரான், ரன். நேற்றுக் கல்முனைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டதா? ஐ ரான் அவுட் ஒவ் பெற்றோல் நியர் களுவாஞ்சிகுடி. இப்போது டாங்கி காலி என்றால், ஐ ஹாவ் ரன் அவுட் ஒவ் பெற்றோல். முள் சிவப்பைத் தொட்டும் வண்டி ஓடிக்கொண்டிருந்தால், ஐ ஆம் ரன்னிங் அவுட் ஒவ் பெற்றோல். இந்தக் கடைசி வடிவத்தைக் கவனியுங்கள்: இன்னும் தீரவில்லை, தீரப்போகிறது. கடைக்காரர் "வீ ஆர் ரன்னிங் அவுட்" என்றால் திரும்பிப் போகாதீர்கள், உள்ளே இரண்டு சட்டியாவது இருக்கும்.

ஒவ்வை எழுதும்போது ஓர் எஃப் மட்டும். இரண்டு போட்டால் அது ஒஃப், வேறு சொல். உச்சரிப்பிலும் கடைசியில் வருவது 'வ்' ஒலிதான். வேகமாகப் பேசும்போது மூன்று சொற்களும் ஒட்டி "ரனவுட்டவ்" என்று கேட்கும்.

டைம், மணி, பேஷன்ஸ் எல்லாவற்றுக்கும் இதே அமைப்புத்தான். லைசன்ஸ் போன்றவை காலாவதியாவதைச் சொல்லும்போது ஒவ் வராது: மை லைசன்ஸ் ரன்ஸ் அவுட் இன் மார்ச்.

ஒவ்வுக்குப் பின்னால் வீடு, வகுப்பு போல ஓர் இடம் வந்தால் இந்தப் பாடம் செல்லாது. ஷீ ரான் அவுட் ஒவ் த ஹவுஸ் என்றால் அவள் வீட்டைவிட்டு வெளியே ஓடினாள், அவ்வளவுதான்.