540 ரூபாய் எங்கே போனது?

நிலாவெளிப் பக்கம் எங்கள் மாதர் சங்கத்தின் சுழற்சிக் கடன் (திரும்பி வரும் காசையே அடுத்தவருக்குக் கடனாகக் கொடுப்பது) கணக்கு ஒருவழியாகச் சரிவந்துவிட்டது. முதலில் காசுப் புத்தகத்தை விடப் பெட்டியில் 540 ரூபாய் குறைவாக இருந்தது. சின்னத் தொகைதான், ஆனால் கணக்கு முடியாமல் அடுத்த கடன் கொடுக்க ஏலாது. கருவாடு போடும் அக்காவின் விண்ணப்பமும் நின்றுபோனது.

காசை மறுபடி எண்ணினோம். அதே குறைவு. மாதம் 2 வீத வட்டியைக் குறைந்துவரும் நிலுவைக்குப் போட்டார்களா, முழுக் கடனுக்கும் போட்டார்களா என்று பார்த்தேன். அதிலும் பிழையில்லை. (50,000 ரூபாய் முதலை 12 மாதத்தில் சம பங்காகக் கட்டினால், குறைந்துவரும் நிலுவைக்குப் போடும் வட்டி மொத்தம் 6,500, முழுக் கடனுக்கும் போடும் வட்டி 12,000. இதைக் கேட்காமல் எங்கேயும் கையெழுத்து வைக்காதீர்கள்.)

அப்புறம் 540-ஐ 9-ஆல் வகுத்துப் பார்த்தேன். மீதியில்லை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். நூறாம் இடத்து இலக்கமும் பத்தாம் இடத்து இலக்கமும் மாறினால் 90-ஆலும் வகுபடும். 540-ஐ 90-ஆல் வகுத்தால் 6. அப்படியென்றால் அந்த இரண்டும்தான் மாறியிருக்கலாம், இரண்டுக்கும் இடையே 6 வித்தியாசம். அப்படியான வரவுகளை மட்டும் அங்கத்தவர்களின் பாஸ் புத்தகங்களோடு ஒப்பிட்டேன். ஒரு பாஸ் புத்தகத்தில் 1,280, காசுப் புத்தகத்தில் 1,820!

பிழையான 1,820-ஐ வெள்ளை மை பூசாமல் ஒற்றைக் கோட்டால் வெட்டி, சரியான எண்ணை எழுதி, பொருளாளரும் செயலாளரும் பக்கத்தில் ஒப்பமிட்டார்கள். அப்படி வெட்டினால்தான் கணக்காய்வுக்கு வருபவருக்குப் பழைய எண்ணும் தெரியும்.